வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆஃபர் லெட்டர்: ஏற்பதற்கு முன் செட்டிநாட்டுக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை செப்டம்பர் சேர்க்கைக்கான ஆஃபர் லெட்டர்கள் வரும் காலம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர் என்று நம் பக்கத்து வீடுகளில் கடிதம் வந்த அன்றே உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மறுநாளே டெபாசிட்டும் கட்டிவிடுகிறார்கள். கூடவே வந்த நிபந்தனைகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர் இது. இங்கே முப்பது, நாற்பது லட்ச ரூபாய் ஒப்பந்தத்தை ஒருவரும் படிக்காமல் ஏற்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. பெற்றோரோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து இந்தக் கடிதங்களைப் படித்தபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். விதிகளும் தொகைகளும் அடிக்கடி மாறும். பணம் கட்டுமுன் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. இடம் உறுதிதானே?

கடிதத்தில் 'கண்டிஷனல்' என்று இருந்தால் இன்னும் உறுதியில்லை. அதில் சொன்னதையெல்லாம் நிறைவேற்றினால்தான் இடம். 'அன்கண்டிஷனல்' என்றால் படிப்புத் தகுதி தொடர்பாக அவர்கள் கேட்க வேறொன்றும் இல்லை. அப்போதும் டெபாசிட், விசா இரண்டும் பாக்கி நிற்கும்.

விசா கேட்க இந்தக் கடிதம் மட்டும் போதாது. பிரிட்டன் என்றால் பல்கலைக்கழகம் சேர்க்கையை உறுதிசெய்யும் சிஏஎஸ் எண் தர வேண்டும், அதுபோல அமெரிக்கா என்றால் ஐ-20 படிவம், ஆஸ்திரேலியா என்றால் சிஓஇ சான்று. கனடாவில் பல படிப்புகளுக்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் வேண்டும். ஜெர்மனிக்கு நம் நாட்டு மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். இவை எந்தத் தேதிக்குள், எதைக் கட்டினால் கிடைக்கும் என்பது பொடி எழுத்தில்தான் இருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கடிதம் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். கடைசியில் "எங்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டது" என்று ஒரு வரியும் ஒரு இணைப்பும் கொடுத்திருப்பார்கள். கட்டணக் கொள்கை, பணம் திருப்பும் கொள்கை, மாணவர் ஒப்பந்தம் எல்லாம் அந்த இணைப்புக்குள் இருக்கின்றன. 'ஏற்கிறேன்' என்று அழுத்தும்போது அவை எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்கிறீர்கள். அந்தப் பக்கங்களை அன்றைய தேதியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இருப்பது பிறகு மாறலாம்.

கடைசி செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. நிபந்தனையில் என்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலான கடிதங்களில் இப்படி ஒரு வரி வரும்: "ஒட்டுமொத்தமாக 60 சதவீதத்துடன் பட்டம் முடித்து, இறுதி மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றையும் ஜூலை 31க்குள் சமர்ப்பிக்க வேண்டும்." ஒரே வரிதான், அதற்குள் நாலு விஷயம் இருக்கிறது.

முதலில், 60 சதவீதம் எதில்? நம் பல்கலைக்கழகங்கள் பலவும் சிஜிபிஏவில்தான் தருகின்றன. அதைச் சதவீதமாக மாற்றும் சூத்திரம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரம் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கல்லூரியில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர்கள் தங்கள் கணக்கில் மாற்றிக்கொள்வார்கள். 59.8 வந்தால் 60 ஆகக் கொள்வார்களா என்பதையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது, 'பட்டச் சான்று' என்று அவர்கள் சொல்வது எது? பட்டமளிப்பு விழாவில் தரும் சான்றுக்காகக் காத்திருந்தால் சேர்க்கை முடிந்துபோகும். புரொவிஷனல் சான்றிதழை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பலர் ஏற்கிறார்கள். ஆனால் கடிதத்தில் அந்த வார்த்தை இல்லையென்றால் எழுத்தில் உறுதி வாங்குவதுதான் பத்திரம்.

மூன்றாவது அந்தத் தேதி. ஜூலை 31 என்பது அவர்கள் வசதிக்கு வைத்த தேதி. நம் ரிசல்ட் எப்போது வரும், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் எப்போது கிடைக்கும் என்பது கல்லூரி அலுவலகத்துக்குத்தான் தெரியும். தாமதமாகும் என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். கெடு போன பிறகு கேட்டால் உங்கள் இடம் வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

நான்காவது அரியர். தேறிவிட்டால் போதுமா, அல்லது எத்தனை அரியர் வரை ஏற்பார்கள் என்று வரம்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அரியரை மறைத்துவிட்டு மேலே போகாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் எத்தனையாவது முயற்சி என்பது தெரிந்துவிடும்.

ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். 'ஒட்டுமொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0க்குக் குறையாமல்' என்று இருந்தால், மொத்தம் 7 வாங்கியும் எழுதும் பிரிவில் 5.5 வாங்கிய பிள்ளைக்கு இடம் கிடையாது. ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும்.

டெபாசிட் கட்டினால் திரும்பக் கிடைக்குமா?

எந்தச் சூழ்நிலையில் என்பதுதான் கேள்வி. விசா மறுக்கப்பட்டால் ஒரு விதி, நீங்களாகவே போகவில்லை என்றால் வேறு விதி, மதிப்பெண் நிபந்தனையை எட்டவில்லை என்றால் இன்னொன்று. பல இடங்களில் விசா மறுக்கப்பட்டால் நிர்வாகக் கட்டணம் கழித்துத் தருகிறார்கள். அதற்கும் மறுப்புக் கடிதத்தின் நகலைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். பொய்யான ஆவணம் கொடுத்ததால் விசா மறுக்கப்பட்டால் ஒரு காசும் தரமாட்டோம் என்று ஏறக்குறைய எல்லோருமே எழுதியிருப்பார்கள்.

உதாரணத்துக்கு, 4,000 பவுண்டு கட்டி விசா கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகக் கட்டணம் 250 பவுண்டு கழிந்தால் 3,750 திரும்பும். போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது ஒரு விகிதம். இரண்டு பக்கமும் வங்கிக் கட்டணம் வேறு. விசா விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. பிரிட்டனில் ஆண்டுக்கு 776 பவுண்டு வாங்கும் சுகாதாரக் கட்டணம் மட்டும் விசா மறுக்கப்பட்டால் திரும்பும். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதற்குத்தான் திரும்பும் என்பதும் வழக்கமான நிபந்தனை. வேறொருவர் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அங்கே ஒரு சிக்கல் முளைக்கும்.

பணம் ஐயா (தாத்தா) கணக்கில் இருக்கிறது. சிங்கப்பூரில் மாமாவும் தருகிறேன் என்கிறார். காட்டலாமா?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராத வீடில்லை. பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் மாணவர் பெயரிலோ, தாய் தந்தை அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயரிலோ இருக்க வேண்டும். தாத்தா, பெரியப்பா, மாமா கணக்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் எடுபடாது. அவர்கள் உதவ நினைத்தால் முன்னதாகவே பெற்றோர் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். 28வது நாள், விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். நடுவில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். முதல் ஆண்டின் மீதிக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்காக லண்டனில் மாதம் 1,529 பவுண்டும், மற்ற இடங்களில் 1,171 பவுண்டும், அதிகபட்சம் 9 மாதத்துக்குக் காட்ட வேண்டும். இது 2025 நவம்பர் 11 முதல் உள்ள தொகை.

நகையையும் நிலத்தையும் இருப்பாகக் காட்ட முடியாது. நகையை அடகு வைத்தால் அந்தப் பணம் கணக்கில் வந்து 28 நாள் நிற்க வேண்டும். அடகு வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுவீகாரம், அதாவது பிள்ளை கூட்டிக்கொண்ட வீடுகளுக்கு ஒரு சொல். உறவுமுறையை நிரூபிக்கப் பிறப்புச் சான்றோ, தத்தெடுப்புச் சான்றோ, நீதிமன்ற ஆவணமோ வேண்டும். சடங்கு நடந்து ஊருக்கே தெரியும் என்பது விசா அதிகாரிக்குச் சாட்சியாகாது. பிறப்புச் சான்றில் பெற்ற அப்பச்சி (அப்பா) பெயரும், பாஸ்போர்ட்டில் கூட்டிக்கொண்டவர் பெயரும் இருந்தால், ஆஃபரை ஏற்பதற்கு முன்பே வழக்கறிஞரைப் பார்த்து ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

மற்ற நாடுகளுக்கு வாழ்க்கைச் செலவாகக் காட்ட வேண்டியது: கனடாவுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 22,895 கனடா டாலர், ஆஸ்திரேலியாவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர், ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ. கனடா, ஆஸ்திரேலியாத் தொகைகள் படிப்புக் கட்டணம் போக உள்ளவை.

முன்னோர் கட்டிய வளவு வீட்டை வைத்துக் கல்விக்கடன் வாங்கலாமா?

வீடு பெரிதாக இருக்கிறது, கோடி ரூபாய் பெறும், வங்கி தராதா என்று கேட்கிறார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. பாட்டன் கட்டிய வளவு பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பொதுவாக இருக்கும். பாகப்பிரிவினை பதிவாகவில்லை என்றால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, வங்கி வழக்கறிஞரின் கருத்து எல்லாம் வந்த பிறகுதான் மதிப்பீடு. பழைய கட்டடத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள். ஆஃபரில் டெபாசிட்டுக்கு நாலு வாரம் கெடு கொடுத்திருப்பார்கள். அதற்குள் இது முடியாது. தனிப்பெயரில் உள்ள வீட்டு மனை, பிக்சட் டெபாசிட் இவை வேகமாக நகரும்.

வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை ஈடு இல்லை, அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன், அதற்கும் மேலே போனால் சொத்து ஈடு. வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும். தனியார் நிதி நிறுவனங்கள் ஈடில்லாமலும் தருகின்றன, வட்டி கூடுதல்.

கடன் அனுமதிக் கடிதத்திலும் பொடி எழுத்து உண்டு, ஆஃபரைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது அதுதான். விசா வந்த பிறகே பணம் விடுவிப்போம் என்று சில வங்கிகள் எழுதும். பல்கலைக்கழகமோ டெபாசிட் வந்தால்தான் சிஏஎஸ் தருவேன் என்னும், சிஏஎஸ் இல்லாமல் விசா கேட்க முடியாது. இந்த முடிச்சை அனுமதி வாங்கும்போதே அவிழ்த்துவிட வேண்டும். விசாவுக்கு முன்பே டெபாசிட் விடுவிக்கும் வசதியை எழுத்தில் கேளுங்கள். படிப்புக் காலத்திலும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை இல்லை என்பார்கள். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். 30 லட்சத்தை 10 சதவீதத்தில் மொத்தமாக வாங்கினால், ஓராண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனிவட்டி மட்டும் 6 லட்சம்.

என் கட்டாயக் கருத்து ஒன்று. கடனுக்குக் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் ஆஃபர் லெட்டரைப் படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத ஆச்சி வீட்டை ஈடாகக் கொடுக்கிறார் என்றால், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்தால் என்ன ஆகும், விசா வராவிட்டால் எவ்வளவு போகும் என்பது அவருக்கும் தெரிய வேண்டும். ஈடு வைப்பது அவர் இருக்கிற வீடு.

ஸ்காலர்ஷிப் 5,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. கையில் வருமா?

பெரும்பாலும் வராது. கட்டணத்தில் தள்ளுபடியாகக் கழிப்பார்கள். முதல் ஆண்டுக்கு மட்டுமா, ஒவ்வோர் ஆண்டுமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்று பாருங்கள். சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளினால் ஸ்காலர்ஷிப் கூடவே வராது என்று பலர் எழுதியிருப்பார்கள்.

அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் வேலையோடு வரும் ஆஃபரில் 'நிதி இருப்பைப் பொறுத்து' என்ற சொற்றொடர் இருக்கிறதா என்று தேடுங்கள். எத்தனை ஆண்டுக்கு உறுதி, மருத்துவக் காப்பீடு சேர்த்தியா, கட்டண விலக்கு முழுதா பாதியா என்று பேராசிரியரிடமோ துறை அலுவலகத்திலோ கேட்பதில் தவறே இல்லை. நிதியோடு வரும் முதுநிலை, முனைவர் பட்ட ஆஃபர்களுக்கு ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் தர வேண்டும் என்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதற்கு முன் யாராவது அவசரப்படுத்தினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கடிதத்தில் உள்ள கட்டணம்தான் மொத்தமா?

ஓராண்டுக்கா, முழுப் படிப்புக்கா என்று முதலில் பாருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுப் படிப்பில் 'ஆண்டுதோறும் உயரலாம்' என்ற வரி இருந்தால் உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள். ஆய்வகம், தேர்வு, கள ஆய்வுப் பயணம், காப்பீடு தனி. விடுதி ஒப்பந்தம் முற்றிலும் வேறு ஒப்பந்தம். விசா வராவிட்டால் பல்கலைக்கழகம் விட்டாலும் விடுதிக்காரர் விடாமல் வாடகை கேட்கலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணம் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து அனுப்பினால் அது கிடையாது. பிடித்ததை வருமான வரித் தாக்கலில் ஈடுகட்டிக்கொள்ளலாம், ரசீதை விட்டுவிடாதீர்கள்.

பட்டத்தை யார் தருகிறார்கள் என்பதெல்லாம் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். தலைப்பில் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், உள்ளே 'எங்கள் கூட்டு நிறுவனம் நடத்தும் பாத்வே படிப்பு', அதாவது முதன்மைப் படிப்புக்குத் தயார்படுத்தும் படிப்பு, என்று வரும். அப்படியானால் முதலாண்டு ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம், அதில் தேறினால்தான் பல்கலைக்கழகம். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் ஊரில் ஒரு வளாகமும் லண்டனில் இன்னொன்றும் வைத்திருக்கும். எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், லண்டன் என்றால் மேலே சொன்ன வாழ்க்கைச் செலவுத் தொகையும் மாறும்.

கனடாவில் இது இன்னும் கூர்மையானது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கித் தனியார் கல்லூரி நடத்தும் படிப்புகளில் 2024 மே 15க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் வேலை அனுமதி இல்லை. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களில், கல்லூரி டிப்ளமோ படிப்பவர்களுக்குக் குறிப்பிட்ட துறைப் பட்டியலில் உள்ள படிப்பாக இருந்தால்தான் அந்த அனுமதி. பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை.

படித்து முடித்து அங்கேயே வேலை பார்க்கலாம் என்று கன்சல்டன்சியில் சொன்னார்களே?

ஆஃபர் லெட்டர் அதற்கு உத்தரவாதம் தராது, அது குடியேற்றச் சட்டத்தின் கையில் இருக்கிறது. பிரிட்டனில் முதுநிலை முடித்தவர்களுக்கு இதுவரை இருந்த 2 ஆண்டு அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். படிப்பை எப்போது முடிப்பீர்கள் என்று வைத்துப் பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து, ஆய்வு அல்லாத வகுப்பறை முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர் மனைவியையோ கணவரையோ கூட்டிப்போக முடியாது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஆஃபரில் 'ஓராண்டுத் தொழில் பயிற்சியுடன்' என்று இருந்தால், பயிற்சி இடத்தை அவர்கள் தேடித் தருவார்களா, நீங்களே தேட வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் நீங்கள்தான்.

திரும்பி வந்தால் இங்கே பட்டம் செல்லுமா?

அரசு வேலை, ஆசிரியர் பணி என்று எண்ணம் இருந்தால் போகுமுன்னே பாருங்கள். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி தருவதற்கு யுஜிசி 2025இல் தனி விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலையை ஏற்கும் உடன்பாடு 2022 ஜூலையில் கையெழுத்தானது, பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அதில் சேரவில்லை. எம்பிபிஎஸ் படிக்கப் போகிறவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்: நீட் தேர்ச்சி, குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி. ஆஃபரில் இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் கட்டணம் குறைவு என்று போய்விடாதீர்கள்.

பெயரில் இனிஷியல் பிரச்சினை வருமா?

நம் பக்கம் விலாசத்தோடு (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) இரண்டு மூன்று இனிஷியல் இருக்கும். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் விரித்து ஒரு மாதிரி. ஆஃபரில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஏற்பதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள். சிஏஎஸ், ஐ-20 வந்தபின் திருத்துவது அலைச்சல்.

எல்லாவற்றையும் கன்சல்டன்சியே பார்த்துக்கொள்கிறார்கள். போதாதா?

நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழகம்தான் கமிஷன் தருகிறது, நீங்கள் சேர்ந்தால்தான் அது கிடைக்கும் என்பதை மனதில் வையுங்கள். விண்ணப்பத்தில் உள்ள மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். 'ஏற்கிறேன்' என்பதைப் பிள்ளையே அழுத்த வேண்டும். கட்டணத்தை நேராகப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே கட்டுங்கள்.

2023இல் கனடாவில் போலி அனுமதிக் கடிதத்தோடு போயிருந்த இந்திய மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தது செய்தியானது. அவர்களில் பலருக்குக் கடிதம் போலி என்பதே தெரியாது. அதன்பிறகுதான் கனடா அரசு ஒவ்வொரு கடிதத்தையும் நேரடியாகக் கல்லூரியிடம் சரிபார்க்கத் தொடங்கியது. நீங்களும் பல்கலைக்கழக இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதி, இந்த எண்ணுள்ள கடிதம் உங்களுடையதுதானா என்று கேளுங்கள். பொய் ஆவணத்துக்குக் கனடாவில் 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு வரை தடை. ஏஜென்ட் செய்தது என்றாலும் தடை பிள்ளையின் பெயரில்தான் விழும்.

ஏற்ற பிறகு மனம் மாறினால்?

பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஏற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் ரத்து செய்தால் டெபாசிட் முழுதும் திரும்பும் என்ற விதி உண்டு. எழுத்தில் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் கணக்கில் வராது. ஆஸ்திரேலியாவில் முதன்மைப் படிப்பில் 6 மாதம் முடியும்வரை, சேர்ந்த நிறுவனம் விடுவிக்காமல் வேறிடம் மாறுவது கடினம். அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கக் கேட்கலாம், கிடைத்தாலும் அந்த ஆண்டின் புதிய கட்டணம்தான் போடுவார்கள். இரண்டு இடத்தில் டெபாசிட் கட்டி வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்று போய்விடும் என்று தெரிந்தே கட்டுவதானால் சரி. வேண்டாம் என்று முடிவானதும் அந்த இடத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு விட்டுக்கொடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கும்.